எந்த வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்? பழைய காம்பாக்ட் எஸ்யூவி வாங்கும்முன் நான் பார்ப்பவை

பழைய கார் வாங்கக் கிளம்பும் நண்பர்கள் எனக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது, "இந்த மாடல் நல்லா உழைக்குமா?" என்பதைத்தான். மாடல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே வருடம் என்று அருகருகே நிற்கும் இரண்டு வண்டிகளுக்குள் வேறு வேறு இன்ஜினும் கியர்பாக்ஸும் இருக்கலாம். ஒன்று இரண்டு லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். மற்றொன்று அதில் பாதிக்குள்ளேயே இன்ஜினைப் பிரிக்க வைக்கும்.

விலை குறைந்த சின்ன எஸ்யூவிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முதல் உரிமையாளர் கணக்குப் பார்த்து வாங்கியவர். அவரிடம் வாங்கிய இரண்டாமவர் இன்னும் இறுக்கமாகக் கணக்குப் பார்த்திருப்பார். அதில் தவறே இல்லை. ஆனால் கை இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது பராமரிப்புதான். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றாவிட்டால் இன்றைக்கு எதுவும் ஆகாது. இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட், மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டி ஒரு வருடம் ஓடினாலும் அன்றைக்கு எந்தச் சத்தமும் வராது. பெரிய செலவு நெருங்குகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்ன பிறகு விற்பனைக்கு வரும் வண்டிகள் நிறைய. ஆகவே ஒரு வண்டி முன்னால் நிற்கும்போது என் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இதில் எந்த வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்?

தோற்றத்தைக் கண்டு நாம் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை எஸ்யூவிகளில் பெரும்பாலானவை சின்னக் கார்களின் அடித்தளத்தில் எழுப்பப்பட்டவை. ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் ஃபியஸ்டாவின் தளத்தில் வந்தது. 2010இல் வந்த ரெனோ குழுமத்தின் முதல் தலைமுறை டஸ்டர், அதன் டாசியா பிராண்டின் லோகன் செடானின் தளத்தில் உருவானது. உயரம் கூடியது, எடை கூடியது, சக்கரம் பெரிதானது. ஆனால் அடியில் இருப்பது அதே காரின் வம்சம்தான். கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கிறதே என்று ஜீப்பை ஓட்டுவதுபோல் பள்ளத்தில் இறக்கி ஓட்டியவர்களின் வண்டியில் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் புஷ்கள், லிங்க் ராடுகள், ஷாக் அப்சார்பர்கள் எல்லாம் வயதுக்கு முன்பே தளர்ந்திருக்கும். இவை பயப்பட வேண்டிய கோளாறுகள் அல்ல, மாற்றிவிடலாம். பயப்பட வேண்டியவை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ளே இருக்கின்றன.

இன்ஜினில் நான் முதலில் விசாரிப்பது டைமிங் பெல்ட்டா செயினா, பெல்ட் என்றால் அது வெளியே உலர்ந்து ஓடுவதா, ஆயிலுக்குள் ஓடுவதா என்பதை. ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டை 'வெட் பெல்ட்' என்பார்கள். உராய்வு குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்று கொண்டுவந்த ஏற்பாடு. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இன்ஜினிலும், பெஜோ 2008, சிட்ரோயென் சி3 ஏர்கிராஸ் போன்றவற்றில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் இன்ஜினிலும் இப்படித்தான் இருந்தது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின்களைக் குறுகிய தூரத்துக்கே ஓட்டும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலக்கிறது. அந்த ஆயிலில் வருடக்கணக்கில் ஊறும் ரப்பர் உப்பி, விரிந்து, தூள்தூளாக உதிரத் தொடங்குகிறது. உதிர்ந்த தூள் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் ஆயில் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் சல்லடையை அடைக்கிறது. ஆயில் அழுத்தம் விழுகிறது. பெல்ட் அறுபடாமலேயே இன்ஜின் செத்துப்போக இது போதும்.

ப்யூர்டெக் விஷயத்தில் புகார்கள் குவிந்த பிறகு பெஜோ, சிட்ரோயென் பிராண்டுகளின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அந்த இன்ஜின்களுக்கான பாதுகாப்பை 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. வரை நீட்டித்தது. அது ஒழுங்கான சர்வீஸ் பதிவு இருக்கும் வண்டிக்குத்தான் உதவும். ஈக்கோபூஸ்டில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் தனிப் பிரச்சினையானது. அமெரிக்காவில் 2018 முதல் 2022 வரையிலான ஈக்கோஸ்போர்ட்களையும் சில ஃபோகஸ் கார்களையும் சேர்த்து சுமார் 1,39,000 வண்டிகளை 2023 டிசம்பரில் ஃபோர்டு திரும்ப அழைத்தது. இந்த இன்ஜின்களே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. சரியான ரக ஆயில், கெடுவுக்கு முன்பே ஆயில் மாற்றம், பெல்ட் மாற்றிய பில், இந்த மூன்றும் இருந்தால் பேசலாம். ஒன்று குறைந்தாலும் பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். ப்யூர்டெக்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெல்ட் கண்ணுக்கே தெரியும். அதன் அகலத்தை அளந்து உப்பியிருக்கிறதா என்று சொல்லும் கருவியும் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அளக்கச் சொல்லுங்கள்.

உலர்ந்து ஓடும் பெல்ட் உள்ள இன்ஜின்களில் கணக்கு எளிது. டஸ்டரில் வந்த ரெனோவின் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் நெடுங்காலம் உழைக்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடுவோடு வருடக் கெடுவும் உண்டு. குறைவாக ஓடிய வண்டி என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்த வருடக் கெடுவை மறந்துவிடுகிறார்கள். டீசல் வண்டியில் இன்னொன்று, புகை வடிகட்டி. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள உள்ளே ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தினமும் பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்த டீசலுக்கு அந்த வெப்பம் கிடைத்திருக்காது. டீசல் வண்டியை விற்பவரிடம் நான் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்பதைவிட, எப்படிப்பட்ட பயணங்களுக்கு ஓட்டினீர்கள் என்பதை.

கியர்பாக்ஸ் பற்றி என் மனதில் ஒரு தெளிவான வரிசை இருக்கிறது. மேனுவல் என்றால் நிம்மதி, கெட்டாலும் கிளட்ச்தான். திரவத்தின் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக் அடுத்தது. தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் சிவிடி என்றால் தயாரிப்பாளரையும் வருடத்தையும் பார்க்காமல் கை நீட்டமாட்டேன். ஜாட்கோ நிறுவனத்தின் சிவிடி பொருத்திய நிஸான் மாடல்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் வாரண்டியையே நீட்டிக்க வேண்டி வந்தது. ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச்கள் மாறிமாறிக் கியர் போடும் உலர் டூயல் கிளட்ச், உதாரணத்துக்கு சில நாடுகளில் ஈக்கோஸ்போர்ட்டிலும் வந்த பவர்ஷிஃப்ட், எனக்குக் கடைசி. போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்தக் கிளட்ச் சூடாகித் தேய்கிறது, பிறகு உதறுகிறது. "வாழ்நாள் முழுக்க கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கையேட்டிலேயே இருக்கிறதே என்பார்கள். அந்த வாழ்நாளின் அளவை முடிவு செய்தவர் வண்டியின் மூன்றாவது உரிமையாளர் அல்ல. ஆயிலுக்கு வயதாகும். மாற்றிய பில் இருந்தால் அந்த வண்டியின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

நம்பகத்தன்மைப் பட்டியல்களையும் நான் படிப்பேன், ஆனால் அவை எதை அளக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான். அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் நீடித்த உழைப்பு ஆய்வு, மூன்று வயதான கார்களின் முதல் உரிமையாளர்களைக் கேட்கிறது. அதில் போன் இணையவில்லை என்பதும் ஒரு கோளாறு, கியர்பாக்ஸ் உடைந்தது என்பதும் ஒரு கோளாறு. எட்டு வயது வண்டியை வாங்கப்போகும் நமக்கு அது பாதிக் கதைதான். ஜெர்மனியின் வாகனப் பரிசோதனை அமைப்பான டூஃப்பின் அறிக்கை கட்டாயப் பரிசோதனையில் எத்தனை கார்கள் தோற்றன என்பதைச் சொல்கிறது. டாசியா லோகன் பல ஆண்டுகள் அந்தப் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. எளிமையான இயந்திரம் கொண்ட கார் ஏன் அங்கே கிடக்க வேண்டும்? பரிசோதனையில் தோற்க வைப்பவை பெரும்பாலும் விளக்கு, பிரேக், சஸ்பென்ஷன், ஆயில் கசிவு போன்றவை. விலை குறைந்த காரை வைத்திருப்பவர் பரிசோதனைக்கு முன் ஒர்க்‌ஷாப் பக்கம் போகாததும் அந்த எண்ணில் சேர்ந்துகொள்கிறது என்பது என் வாசிப்பு. ஜெர்மன் வாகன சங்கமான ஏடிஏசி சாலையோர உதவிக்கு வந்த அழைப்புகளை எண்ணுகிறது. அங்கே வருடாவருடம் முதலிடம் பேட்டரிக்கு. இந்தப் பட்டியல்களில் நான் தேடுவது தரவரிசையை அல்ல, ஒரு குறிப்பிட்ட வருட மாடலில் ஒரே கோளாறு திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறதா என்பதை.

சரி, இனி வண்டியின் முன்னால் போய் நிற்கலாம். முதலில் காகிதங்கள்.

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகளை எண்ணாதீர்கள், தேதிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பதிவு திடீரென்று இரண்டு வருடம் காணாமல் போனால், வண்டி கைமாறியிருக்கலாம், இல்லை மோதியிருக்கலாம், இல்லை கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கலாம். எது என்று கேளுங்கள். புத்தகத்தைவிடப் பில்களை நான் நம்புவேன். பில்லில் எந்த உதிரிபாகம், எந்த ரக ஆயில் என்று இருக்கும். முன்பக்கக் கண்ணாடியின் அடியிலும், கதவுத் தூணின் ஸ்டிக்கரிலும், சேசிஸிலும் உள்ள 17 எழுத்து அடையாள எண் ஆவணத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருந்துகிறதா பாருங்கள். அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அதே எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்தால் முடிக்கப்படாத ரீகால் (கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் வெப்பத்திலும் ஈரத்திலும் வேதிப்பொருள் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகள் பாய்ந்து உயிர்கள் போயின. வாகன வரலாற்றின் மிகப் பெரிய ரீகால் அது. அழைப்பு வந்தும் மாற்றாத வண்டிகள் கைமாறிக்கொண்டேதான் இருந்தன.

அப்புறம் இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வது. மொத்தப் பரிசோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, இங்கே அவசரப்படவே மாட்டேன். "நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்ப்பதில்லை, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவேன். ஏனென்றால் இன்ஜின் மறைத்துவைக்கும் பல விஷயங்களை, ஆயில் முழுவதும் கீழே வடிந்து கிடக்கும் அந்த முதல் சில விநாடிகளில்தான் வெளியே விடும்.

சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து டேஷ்போர்டைப் பாருங்கள். இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ், ஆயில், பேட்டரி விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். பிறகு அதனதன் நேரத்தில் அணைய வேண்டும். எரியாத ஏர்பேக் விளக்கு, அணையாத விளக்கைவிட மோசம். யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வெளியே நின்று கேளுங்கள். செயின் உள்ள இன்ஜினில் ஓரிரு விநாடி சலசலத்து அடங்கினால் பரவாயில்லை. அதற்குமேல் நீண்டால் செயின் நீண்டிருக்கிறது, அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. இன்னொருவரைச் சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. வெள்ளை நீராவி குளிர்ந்த காலையில் இயல்பு. இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்து, இனிப்பு வாசனையும் அடித்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படலம் இருந்தால் உடனே ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குறுகிய பயணங்களில் சேரும் ஈரமும் அப்படிச் செய்யும். கூலண்ட் தொட்டியிலும் ஆயில் பிசுக்கு தெரிந்தால்தான் சந்தேகம் உறுதியாகிறது. கூலண்ட் மூடியைச் சூட்டில் மட்டும் திறந்துவிடாதீர்கள், வெந்துபோகும்.

பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடட்டும். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடத் தொடங்கித் தானாக நிற்கிறதா, ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஆர்பிஎம் ஊசி ஆடுகிறதா, ஏசி போட்டதும் இன்ஜின் திணறுகிறதா என்பதெல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில் தெரியும். விற்பவருக்குப் பொறுமை போகலாம். போகட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் கணினியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டிவிடுவேன். அமெரிக்காவில் 1996இலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் கட்டாயமான ஏற்பாடு இது. ஸ்டீயரிங்கின் கீழே இதற்கான இணைப்பு இருக்கும், போனோடு பேசும் சின்னக் கருவியே போதும். பலரும் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று திரையில் வந்ததும் கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். நான் அதற்குப் பிறகுதான் கவனமாகப் பார்க்கத் தொடங்குவேன். குறியீடுகளை அழிக்க ஒரு பொத்தான் போதும். நீங்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு அழித்திருக்கலாம். அழித்தால் 'ரெடினெஸ் மானிட்டர்' என்ற சுயபரிசோதனைகளும் சேர்ந்து பழைய நிலைக்குப் போய்விடும், அவை மீண்டும் முடிய வண்டி பல விதமாக ஓடியாக வேண்டும். பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று காட்டினால் யாரோ சமீபத்தில் துடைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகும் என்பதால் காரணம் கேளுங்கள். 'குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்' என்று ஒரு அளவும் உண்டு. அது 12 கி.மீ. என்றும் விற்பவர், "எந்தப் பிரச்சினையும் வந்ததே இல்லை" என்றும் சொன்னால், நான் கருவியைத்தான் நம்புவேன். புதிய கார்களில் 'நிரந்தரக் குறியீடு' என்ற பகுதி இருக்கிறது, அதை ஸ்கேனரால் அழிக்க முடியாது. கோளாறு உண்மையிலேயே சரியானால் மட்டுமே அது மறையும்.

அதே திரையில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள், கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்பதை அது காட்டும். கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கூலண்ட் வெப்பம் பெரும்பாலான இன்ஜின்களில் 85 முதல் 105 டிகிரிக்குள் நிலைக்கும். எவ்வளவு நேரம் ஓடினாலும் 70ஐத் தாண்டவில்லை என்றால் கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது, அல்லது ஒருவர் அதைக் கழற்றியே போட்டுவிட்டார். எதற்காகக் கழற்றினார் என்பது நல்ல கேள்வி.

மீட்டரைத் திருப்பிவைப்பது பழைய வேலை, ஆனால் இன்றைய கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் இல்லை. பல மாடல்களில் கியர்பாக்ஸ், ஏபிஎஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். அந்த பிராண்டுக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார். பிரிட்டனில் இது இன்னும் எளிது. வருடாந்தரப் பரிசோதனையில் பதிவான ஓடிய தூரத்தையும் தோல்விகளையும் பதிவெண் போட்டு யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கருவி எதுவும் இல்லையென்றால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மீட்டர் 20,000 காட்டுகிறது, நான்கு டயரும் மாற்றியாகிவிட்டது என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. பிரேக் பெடலின் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் அதே கதையைத்தான் சொல்லும்.

உடம்பைப் பொறுத்தவரை, கீறலும் சின்னச் சின்ன டிங்கரிங் வேலையும் எனக்குப் பொருட்டே அல்ல. பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியில் கம்பெனிப் பூச்சு பொதுவாக 80 முதல் 180 மைக்ரானுக்குள் காட்டும். 300ஐத் தாண்டினால் மறுபூச்சு, 1,000ஐத் தாண்டினால் பட்டி. ஒரு கதவில் பட்டி இருந்தால் விலை பேசலாம். கூரையிலோ தூண்களிலோ இருந்தால் பேச ஒன்றுமில்லை. பானெட்டைத் திறந்து முன்பக்கச் சேசிஸ் கைகளில் சுருக்கம் இருக்கிறதா, போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தால் முன்பக்க மோதல் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை. கார்பெட்டைக் காயவைத்து, வாசனை அடித்து நிறுத்திவிடுவார்கள். ஒயரிங் இணைப்புகளில் பச்சை பூத்து ஒவ்வொன்றாகச் செயலிழப்பது மாதங்கள் கழித்து, உங்களிடம் வந்த பிறகு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள், தண்ணீர் நின்ற கோடு அங்கே தெரியலாம். ஸ்டெப்னி குழியின் மூலைகளிலும் இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்களிலும் வண்டலோ துருவோ இருக்கிறதா பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துவிடுங்கள். மேனுவலில் உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சிவிடி என்றால் மெதுவாக வேகமெடுக்கும்போது உதறல் வருகிறதா என்று கவனியுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஊர்ந்து போனால் டிக் டிக் என்று கேட்பது டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். வேகத்தோடு கூடும் முனகல், வளைவில் மாறினால் வீல் பேரிங். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். விதவிதமான டயரில் ஓடிய வண்டியில் பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து தேய்ந்திருக்கும். பார்க்க வருபவர்கள் முதலில் தட்டிப் பார்க்கும் தொடுதிரை, சன்ரூஃப், விளக்கு அலங்காரம் இவற்றை நான் பார்ப்பதே இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் அந்த மாடலைத் தினமும் பிரிக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை அங்கே கொண்டுவர விற்பவர் மறுத்தால் அத்தோடு விட்டுவிடலாம். மெக்கானிக்கிடம் "வாங்கலாமா?" என்று கேட்க வேண்டாம். "அடுத்த இரண்டு வருடத்தில் இதற்கு என்னென்ன செய்ய வேண்டிவரும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வேலைகளை எழுதிக்கொண்டு, மொத்தத்தை விலையோடு கூட்டிப் பாருங்கள். பல நேரம், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்த இன்னொரு வண்டி அப்போது மலிவாகத் தெரியும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், முன்னவர் மாற்றியதாகச் சொல்லியிருந்தாலும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதற்கு வண்டி ஓடியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வடித்த இன்ஜின் ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பழைய ஃபில்டரை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். வெட் பெல்ட் இன்ஜினில் கருப்பு ரப்பர் துகள்கள் தென்பட்டால், சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் செய்து பெல்ட்டை மாற்றும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள்.